சாட்சிக்குப் போன வழிச்செலவு

என்னிடம் மூன்று பாஸ்போர்ட் இருக்கிறது. விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி, ஏறியதில்லை. போலீஸில் ஒருவரை வெளியூர் வேலைக்கு அனுப்பும்போது ஸ்டேஷனில் ஒரு தாள் எழுதிக் கொடுப்பார்கள். இன்னார், இன்ன நேரத்துக்கு, இன்ன வேலையாக, இன்ன ஊருக்குப் புறப்படுகிறார் என்று அதில் இருக்கும். அதற்கு எங்கள் துறையில் பாஸ்போர்ட் என்று பெயர். எனக்குக் கிடைத்த மூன்றும் மதுரைப் பக்கம் சாட்சி சொல்லப் போவதற்கு.

நான் நீலகிரியில் ஒரு சின்ன மலை ஊரில் ஏட்டு. ஊர்ப் பெயர் வேண்டாம். கோர்ட் இருக்கும் ஊரின் பெயரும் வேண்டாம். மேலூரிலிருந்து அரை மணி நேரப் பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து எனக்கு இன்னொரு சம்மன் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

வழக்கு பெரிய வழக்கு ஒன்றும் இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு விடியற்காலை, எங்கள் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் போர்வையில் சுற்றிய இரண்டு பெரிய உருப்படிகளைக் கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எங்கள் ஊரில் காரட் மூட்டையைத்தான் அப்படிக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். போர்வையை விலக்கினேன். இரண்டு குழாய் ரேடியோ, அதாவது கூம்பு ஒலிபெருக்கி.

"எங்கே கொண்டுபோறீங்க?" என்றேன். "கோயில் திருவிழாவுக்கு" என்றார். "எந்தக் கோயில்?" "உங்க ஊரு கோயிலுக்குத்தேன்." எங்கள் ஊர்த் திருவிழா முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. நான் துப்புத் துலக்கினேன் என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான். ஆனால் குழாயின் விளிம்பிலேயே 'சேவுகன் ரேடியோ செட்' என்று ஊர், போன் நம்பரோடு சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தது. போன் போட்டேன். எடுத்தவர், "அம்மா, எங்கிட்டு இருக்கு எம் பிள்ளைக?" என்று கேட்டார். அவர்தான் சேவுகன், வாதி. கக்கத்தில் இடுக்கியவரை ராசு என்று வைத்துக்கொள்வோம், அவர் எதிரி. நான் சாட்சி.

சாட்சி வராவிட்டால் வாரண்ட் வரும். வந்தால் வாய்தா கிடைக்கும். முதல் தடவை நான் போனபோது மாஜிஸ்திரேட் விடுப்பு. இரண்டாம் தடவை அவர் மாறுதலாகிப் போய்விட்டார், புதியவர் இன்னும் வரவில்லை. இரண்டு நாளும் கோர்ட்டின் தலைமை எழுத்தர் பெயரைக் கூப்பிட்டு, நான் கை தூக்கி, அடுத்த தேதி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

போய்வந்த செலவுக்கு பில் போட்டேன். பயணப்படி எங்கள் துறைதான் தரவேண்டும். பொதுச் சாட்சிகளுக்குக் கோர்ட்டில் பேட்டா உண்டு, எங்களுக்கு அது கிடையாது. இரண்டு பில்லும் திரும்பி வந்தன. 'கோர்ட்டில் ஆஜரானதற்கு ஆதாரம் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. பஸ் டிக்கெட்டுகளை ஒட்டியிருந்தேனே என்று நேரில் போய்க் கேட்டேன். மாவட்ட அலுவலகத்தில் பில் பார்க்கும் கண்காணிப்பாளர் தாளைத் திருப்பிக் காட்டினார். டிக்கெட்டில் இருந்த எழுத்தெல்லாம் பறந்துபோய், வரிசையாக வெள்ளைத் துண்டுகள் மட்டும் ஒட்டியிருந்தன.

அவர் கெட்ட மனிதர் இல்லை. "இந்தத் தடவை போகும்போது, முன்னாடி ரெண்டு தேதியும் நீங்க வந்தீங்கன்னு கோர்ட்டுல எழுத்துல ஒரு வரி வாங்கிட்டு வாங்கம்மா. மூணையும் சேர்த்துப் போட்டுடறேன். மார்ச் தாண்டிட்டா என்னால ஆகாது" என்றார். அந்தப் பணம் மகளின் ஹாஸ்டலுக்கு வைத்திருந்ததிலிருந்து எடுத்தது. "கவர்மென்டுக்கே கடன் கொடுத்த குடும்பம்" என்று என் வீட்டுக்காரர் வருகிற விருந்தாளியிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனவே இந்த மூன்றாவது பயணத்தில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த ஒரு வரி.

பங்குனி மாதம். மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கும்போது காலை ஏழு மணிதான். அந்த நேரத்துக்கே வெயில் முதுகில் கை வைத்துவிட்டது. என் கையில் ஸ்வெட்டர். பூ விற்றுக்கொண்டிருந்த பெண் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்காரியிடம், "மதினி, இங்க பாரு, சொட்டரோட வந்துருக்காக. அம்புட்டுக் குளிராமா நம்மூர்ல" என்றாள். ஒரு முழம் மல்லிகை வாங்கி வாயை அடைத்தேன். அவள் முழம் போட்டபோது கை தாராளமாக நீண்டது. எங்கள் ஊரில் பூவை அளப்பவர்களுக்கு எல்லாம் கை குட்டை.

டீ குடித்தேன். ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஊரில் யாரும் படிக்காமல் இருக்கட்டும். நல்ல டீ மதுரையில்தான் கிடைக்கிறது. எங்கள் மலை முழுக்கத் தேயிலை, ஆனால் நல்ல தூளையெல்லாம் கீழே அனுப்பிவிட்டு மிச்சத்தை நாங்கள் குடிக்கிறோம். இங்கே மாஸ்டர் ஒரு ஆள் உயரத்துக்கு ஆற்றி, கிளாஸில் பாதி நுரையோடு வைத்தார். இரண்டாவது டீ கேட்டதும், "அக்கா, எந்த ஊரு நீங்க?" என்றார். சொன்னேன். "அங்குட்டுருந்து வந்து இங்க டீ குடிக்கிறீகளா?" என்று சிரித்துவிட்டு, இரண்டாவது டீக்குக் காசு வாங்க மறுத்தார். தேயிலைக்காரியைத் தோற்கடித்த சந்தோஷம் அவருக்கு.

மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறினேன். ஒத்தக்கடை வருவதற்குள் கல்லூரிப் பிள்ளைகள் ஏறி, என் மடியில் நான்கு பைகள் வந்து சேர்ந்தன. யாருடையவை என்று எனக்குத் தெரியாது, பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தால் சரி. ஜன்னலுக்கு வெளியே நீளமாக ஒரு பாறை படுத்திருந்தது. பக்கத்தில் இருந்த வயதான அம்மா, "அதேன் யானைமலை" என்றார். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "மலையா? எங்க ஊர்ல இதைப் பாறைன்னு சொல்லுவோம்" என்றேன்.

அவ்வளவுதான். முன் சீட்டு, பின் சீட்டு, நின்றவர், தொங்கியவர் எல்லோரும் யானைமலைக்கு வக்கீலாகிவிட்டார்கள். ஒருவர் அதன் துதிக்கையைக் காட்டினார். ஒருவர் வயிற்றைக் காட்டினார். கண்டக்டர் விசில் ஊதாமல் வந்து, "ஏன்மா, உங்க மலையில ஏறி நின்னா மதுர தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "இதுல ஏறி நின்னா தெரியும். அப்ப எது மலை?" பஸ்ஸே தீர்ப்புக் கேட்டதுபோல் சிரித்தது. பத்து நிமிடத்தில் விசாரணை முடித்துத் தீர்ப்பும் சொல்கிற இந்த பஸ்ஸில் என் வழக்கு நடந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேன்.

மேலூரில் லாட்ஜ் மேஜையில் இருந்தவர் என் பையைப் பார்த்தார், பைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த பெல்ட்டைப் பார்த்தார். "சாட்சியா?" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "நம்ம லாட்ஜுக்கு மூணு வகை ஆளுதான் வரும்மா. கல்யாணத்துக்கு வாரவுக சிரிச்சுக்கிட்டு வருவாக. கல்லு யாவாரத்துக்கு வாரவுக போன் பேசிக்கிட்டு வருவாக. கோர்ட்டுக்கு வாரவுக நோட்டுல பேரு எழுதுறப்பவே, நாளைக்கும் ரூம் கெடைக்குமான்னு கேப்பாக." நான் அதைத்தான் கேட்க வாயைத் திறந்திருந்தேன்.

மறுநாள் காலை இட்லிக்கு நான்கு சட்னி வந்தன. எதை முதலில் தொடுவது என்று நான் யோசிப்பதற்குள் பரிமாறியவர், "எல்லாத்தையும் கலந்து அடிங்க மேடம், கேஸா நடத்துறீக" என்றார். கலந்து அடித்தேன். அவர் சொன்னது சரி.

கோர்ட்டில் எங்கள் துறைக்காரர் ஒருவர் எப்போதும் இருப்பார். சம்மன், சாட்சி, எதிரி எல்லாரையும் மேய்ப்பது அவர் வேலை. கோர்ட் ஏட்டு என்போம். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சி ஓடியது. "வாங்கம்மா. சாப்பிட்டீகளா?" என்றார். கோர்ட்டில் யாராவது சாப்பாட்டைப் பற்றி முதலில் கேட்டால் விஷயம் சரியில்லை என்று அர்த்தம். "புதுசா வந்த ஜட்ஜம்மா மதுரைக்கு மீட்டிங்கு போயிருக்காக. நாளைக்கு உங்களத்தேன் முதல் கேஸா கூப்பிடச் சொல்லியிருக்காக. ஒரு ராத்திரி மட்டும் பொறுத்துக்கங்க."

சரி, கிடைத்த நாளில் அந்த ஒரு வரியை வாங்கிவிடலாம் என்று அலுவலகத்துக்குள் போனேன். தலைமை எழுத்தர் மரியாதையானவர். பழைய டைரியை எடுத்துத் தூசி தட்டி, அந்த இரண்டு தேதிகளையும் தேடி விரல் வைத்துக் காட்டினார். வழக்கு எண், 'வாய்தா', அடுத்த தேதி. அவ்வளவுதான் இருந்தது. அதிகாரி இல்லாத நாளில் யார் வந்தார்கள் என்று எழுதுகிற வழக்கம் இல்லையாம்.

"அண்ணே, நீங்கதானே என் பேரைக் கூப்பிட்டீங்க. நான் கை தூக்கினேனே" என்றேன்.

"நல்லா ஞாபகம் இருக்கும்மா. ஒரு தடவ யூனிபார்ம் நனைஞ்சுபோயி வந்தீக. ஒரு தடவ இருமிக்கிட்டே நின்னீக. ஆனா ஞாபகத்துல சீல் வைக்க முடியாதுல்ல."

எனக்கு ஆத்திரமாக வந்தது. திருடனைப் பிடித்தவள் நான். நான் கோர்ட்டுக்கு வந்ததை நிரூபிக்க முடியாமல் நிற்கிறேன். அவர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வெளியே வந்தேன்.

வெளியே வேப்ப மரத்தடியில் சேவுகன் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, ஒல்லியான ஆள், மைக்கில் பேசிப் பேசியே சத்தமாகிவிட்ட குரல். என் கதையைச் சொன்னேன். அவர் தன் கதையைச் சொன்னார். குழாய்களைக் கோர்ட் அவரிடம் பாண்டு எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்திருக்கிறது. விற்கக் கூடாது, மாற்றக் கூடாது, பெயின்ட் அடிக்கக் கூடாது, கேட்கும்போது அதே கோலத்தில் கொண்டுவர வேண்டும். "துருப்பிடிச்சுப் போச்சும்மா. ஒரு கோட்டு அடிச்சா பத்து வருசம் ஓடும். அடிச்சேன்னா நான் சாட்சியத்த அழிச்சதாயிருமாம்." அது போதாதென்று, இப்போது கூம்புக் குழாயைக் கட்டினால் போலீஸ்காரர்கள் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். கட்டக் கூடாத குழாயைக் கண்ணுபோல் காப்பாற்றி வைத்திருக்கிறார் மனிதர்.

எங்களுக்கு இரண்டு அடி தள்ளி ராசு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரியும் வாதியும் ஒரே மர நிழலில் உட்காருவது இங்கே சகஜம், இருப்பது ஒரே ஒரு மரம். காது எங்கள் பக்கம்தான் இருந்தது. நாங்கள் பேசி முடித்ததும் தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"உங்களுக்கு பில்லாவது இருக்கு மேடம். அண்ணனுக்குப் பேட்டா இருக்கு. நான் திருப்பூர் பனியன் கம்பெனில இருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் வாரேன். ஒரு நாள் சம்பளம் போச்சு, பஸ் காசு போச்சு. அந்த ரெண்டு குழாய் விலைய இம்புட்டு நாள்ல பஸ்ஸுக்கே கட்டிட்டேன்."

சேவுகன் திரும்பிப் பார்த்து, "அதுக்குப் பதிலா அன்னைக்கே என்ட்ட வந்து வாங்கிட்டுப் போயிருக்கலாம்ல மாப்ள, தவணைக்குக் குடுத்துருப்பேன்" என்றார். ராசுவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது, அதை ஒரு இருமலாக மாற்றிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் யூனிபார்ம் போட்டுக்கொண்டு லாட்ஜ் வாசலில் நின்றேன். சேவுகன் ஷேர் ஆட்டோவில் வந்தார், இரண்டு குழாய்களோடு. பின்னால் ஏற்கனவே ஐந்து பேர். ஒரு குழாய் அவர் மடியில், ஒன்று என் மடியில். குழாய் வாயைத் தெருப்பக்கம் திருப்பி வைத்தால்தான் உள்ளே அடங்கியது. எனக்கு முன்னால் ரோடு தெரியவில்லை, வட்டமாக அலுமினியம்தான் தெரிந்தது.

ஊரைத் தாண்டியதும் ஆட்டோ நின்றது. வாகனச் சோதனை. ஒரு எஸ்.ஐ.யின் குரல் கேட்டது. "கூம்புக் குழாய்க்குத் தடைன்னு தெரியாதா? எறக்குய்யா ரெண்டையும்."

"ஐயா, இது கோர்ட்டுச் சொத்து" என்றார் சேவுகன்.

"கோர்ட்டுச் சொத்துன்னா கோர்ட்டுல இருக்கணும். ஆட்டோல என்ன பண்ணுது?"

மணி பத்தாகிவிட்டது. குழாய் போனால் சொத்து ஆஜரில்லை. சொத்து ஆஜரில்லை என்றால் வாய்தா. வாய்தா என்றால் மார்ச் போய்விடும். நான் குழாயைக் கொஞ்சம் கீழே இறக்கி, அதற்கு மேலாகத் தலையை நீட்டி சல்யூட் அடித்தேன். எஸ்.ஐ. ஒரு அடி பின்னால் போனார். குழாய்க்குள்ளிருந்து ஒரு ஏட்டம்மா வருவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"எந்த ஸ்டேஷன்மா?"

"நீலகிரிங்க ஐயா."

"நீலகிரி ஏட்டுக்கு இங்க ஷேர் ஆட்டோல ரேடியோ செட்டோட என்ன வேலை?"

பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன். முன்பக்கம் படித்தார், பின்பக்கம் படித்தார். "இதுல நீங்க வாரது இருக்கு. கூட ரெண்டு குழாய் வாரது இல்லையே" என்றார். சேவுகனின் பாண்டு வீட்டில் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. உள்ளே இருந்த ஒரு பாட்டி, "ஏப்பா, எனக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு, அந்தக் கொழாய வேணும்னா நீயே வச்சுக்க" என்றாள். எங்கள் தரப்பை அதைவிடக் கெடுக்க முடியாது.

கடைசியில் எஸ்.ஐ. கோர்ட் ஏட்டுக்குப் போன் போட்டுக் கேட்டார். கேட்ட பிறகும் முழு நம்பிக்கை வரவில்லை. இரண்டு குழாயும் கோர்ட்டுக்குத்தான் போகிறதா என்று பார்க்க, அவரே பைக்கில் முன்னால் போனார். பாட்டி உட்பட எட்டு பேரும் இரண்டு குழாய்களும் போலீஸ் பாதுகாப்போடு கோர்ட் வாசலில் போய் இறங்கினோம்.

ஜட்ஜம்மா சொன்ன சொல் தவறவில்லை. முதல் கேஸ் எங்களுடையதுதான். டவாலி என் பெயரை மூன்று முறை கூப்பிட்டார், முதல் தடவையிலேயே நான் கூண்டில் ஏறிவிட்டிருந்தேன். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். விடியற்காலை, பஸ் ஸ்டாண்டு, போர்வை, குழாய், சிவப்புப் பெயின்ட். கால் மணியில் முடிந்தது. பிறகு ராசுவின் வக்கீல் எழுந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர். அவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"இந்த வழக்குக்காக நீங்க இதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவை இந்தக் கோர்ட்டுக்கு வந்திருக்கீங்க" என்று சொல்லி, இரண்டு நாளையும் தேதி, கிழமை சுத்தமாகச் சொன்னார். "சரிதானே?"

என் காதை நானே நம்பவில்லை. தலைமை எழுத்தரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "சரிதான்" என்றேன். கொஞ்சம் அதிகச் சந்தோஷமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வக்கீல் புருவத்தைத் தூக்கினார்.

"ரெண்டு தடவையும் காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் இந்த வளாகத்துலதான் இருந்தீங்க."

"சரிதான்."

"போய்வந்த செலவு உங்களுக்கு இதுவரைக்கும் வரலை. சொந்தப் பணத்தைச் செலவழிச்சு வந்திருக்கீங்க."

"சரிதான்."

தட்டச்சுக்காரர் ஒவ்வொன்றையும் அடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் எனக்கு நாதஸ்வரமாகக் கேட்டது. முந்தின நாள் கெஞ்சியும் கிடைக்காத ஒரு வரி, மூன்று வரியாக, கோர்ட் தாளில், எதிரித் தரப்புச் செலவில் ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் வக்கீல் அடுத்ததைக் கேட்டார்.

"ரெண்டாவது தடவை, மத்தியானம், பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பரோட்டாக் கடையில வாதி சேவுகனோட ஒரே மேஜையில சாப்பிட்டீங்க. அந்தச் சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்தது வாதி."

இதை நான் உங்களிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. அன்று என் கையில் திரும்பிப் போக பஸ் காசு மட்டும்தான் இருந்தது. காலையிலிருந்து டீ கூடக் குடிக்கவில்லை. கடையைத் தாண்டிப் போனவளை சேவுகன் பார்த்துக் கூப்பிட்டார். "ரெண்டு வாயி சாப்பிட்டுப் போங்கம்மா, எங்கூரு வந்து பட்டினியா போகக் கூடாது" என்றார். இரண்டு முட்டைப் பரோட்டா, சால்னா. சாட்சி வாதியின் கையால் சாப்பிடக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? பசி சட்டம் படித்ததில்லை. அடுத்த மேஜையில் ராசு உட்கார்ந்திருந்தது எனக்கு நன்றாகவே தெரியும். சால்னா வாளியை இந்தப் பக்கம் தள்ளிவிட்டதே அவர்தான்.

இல்லை என்று சொல்லிவிடலாம். யாரும் நிரூபிக்க முடியாது, பரோட்டாக் கடையில் பில் கிடையாது. அரசு வக்கீலும் என்னைப் பார்த்து, இல்லை என்று சொல் என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினார். ஆனால் உண்மை சொல்வதாகச் சற்று முன்புதான் பிரமாணம் எடுத்திருந்தேன். மேலே சொன்ன மூன்று 'சரிதான்' எனக்கு வேண்டும். மூன்றை எடுத்துக்கொண்டு நான்காவதைத் தள்ளிவிட எனக்கு வெட்கமாக இருந்தது.

"சரிதான்" என்றேன்.

"சாப்பிட்டுக்கிட்டே ரெண்டு பேரும் சாட்சியைப் பேசி வச்சுக்கிட்டீங்க."

"சரியல்ல. வெயிலைப் பத்திப் பேசினோம்."

ஜட்ஜம்மா நிமிர்ந்து பார்த்தார். அதையும் அடிக்கச் சொன்னார்.

அன்றைக்கு வந்ததற்கான சான்றிதழைக் கையெழுத்து, சீலோடு கோர்ட் ஏட்டு என் கையில் கொடுத்தார். என் சாட்சியத்தின் நகலுக்கு மனு எழுதவும் அவரே உதவினார். தலைமை எழுத்தர் நகலில் சீல் வைக்கும்போது, மை நன்றாகப் பதிய வேண்டும் என்று இரண்டு தடவை அழுத்தினார். "இப்ப எழுத்துல இருக்கும்மா" என்றார்.

மேலூர் பஸ் ஸ்டாண்டில் பருத்திப் பால் குடித்துக்கொண்டிருந்தபோது ராசு வந்து தள்ளி நின்றார். வக்கீலிடம் தேதிகளை யார் சொன்னது என்று கேட்டேன். "நான்தேன் மேடம். பரோட்டாவச் சொன்னா எனக்கு நல்லதுன்னாரு. நேத்து மரத்தடியில நீங்க பேசிக்கிட்டிருந்தது காதுல விழுந்துச்சு. அப்ப தேதியையும் சேத்துக் கேளுங்கய்யான்னு நான்தேன் சொன்னேன்." அவர் முகத்தைப் பார்த்தேன். திருட்டு முழி அப்படியேதான் இருந்தது. திருப்பூர் பஸ் வந்ததும் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். நான் பருத்திப் பாலைக் குடித்து முடித்தேன். கருப்பட்டி தூக்கலாக, சுக்கு மணத்தோடு, அந்த வெயிலிலும் சூடாகக் குடிக்கக் கூடியதாக இருந்தது.

தீர்ப்பு சில வாரங்களில் வந்தது. கோர்ட் ஏட்டு போனில் சொன்னார். முக்கியச் சாட்சி வாதியோடு சேர்ந்து அவர் செலவில் உணவருந்தியிருப்பதால், அவர் சொல்வதை அப்படியே ஏற்க இயலவில்லை, சந்தேகத்தின் பலன் எதிரிக்கு. ராசு விடுதலை. எனக்கு அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை. பனியில் நின்று பிடித்தது நான், போர்வையை விலக்கியது நான், நான் சொன்னது அத்தனையும் நடந்தது. சேவுகனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கம்மா. வாய்தா முடிஞ்சுச்சுல்ல. குழாய்க்கு பெயின்ட் அடிச்சுக்கிட்டுருக்கேன், அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார்.

பில் அதற்கு முன்பே, மார்ச் முடிய நான்கு நாள் இருக்கும்போதே பாஸாகிவிட்டது. கண்காணிப்பாளர் சாட்சிய நகலை ஸ்கேல் வைத்து வரி வரியாகப் படித்து, இரண்டு தேதிகளுக்கும் அடிக்கோடு போட்டு, மூன்று பயணத்துக்கும் கையெழுத்திட்டார். பணமும் வந்தது, இரண்டாவது பயணத்தில் மட்டும் கொஞ்சம் குறைந்து. என்னவென்று போய்ப் பார்த்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'அன்றைய மதிய உணவு வாதியால் இலவசமாக வழங்கப்பட்டிருப்பதால், தினப்படியில் அதற்குரிய பகுதி கழிக்கப்படுகிறது.'

நான் கூண்டில் ஏறிச் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் நம்பியவர் அவர் ஒருவர்தான்.